மஞ்சக்குட்டையில் என் ஓய்வு வாரம்

ஏற்காட்டுக்குப் போய் ஏரியில் படகு விட்டவர்கள் உண்டு, பூங்காவில் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நான் அடுப்பு ஊதிவிட்டு வந்தவள். ஏரி பஸ் ஜன்னலில் ஒரே ஒரு தடவை தெரிந்தது. அப்போது என் மகன் என் மடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்த சமயம். சேலத்தில் எங்கள் வீட்டில் ஏழு பேர். மாமனார், மாமியார், கொழுந்தன், வீட்டுக்காரர், எட்டு வயதில் மகள், ஐந்து வயதில் மகன், அப்புறம் நான். ஏழு பேருக்கும் மூன்று வேளை, நடுவில் இரண்டு காப்பி. ஒரு பங்குனி மாதத்துக் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே நின்றவாக்கில் தூங்கிப்போனேன். கை கல்லில் பட்ட பிறகுதான் முழித்தேன். மணிக்கட்டில் கொப்புளம் விட்டுவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டே, “இந்த அம்மாவுக்கு ஒரு வாரமாவது ரெஸ்ட் வேணுமுங்க” என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு மனசு வருமோ வராதோ. டாக்டர் சொன்னதை அவர் மறக்கவில்லை. அவருடன் படித்த ஒருவர் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். கணக்கு வழக்குப் பார்க்கிற வேலை. தோட்டத்துக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஒரு பழைய மர வீடு சும்மா கிடந்தது. முழுப் பரீட்சை லீவில் ஒரு வாரம் அதில் தங்கிக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டார். மாமியாரும் மாமனாரும் வருஷா வருஷம் கோடையில் பவானிக்கு, மாமியாரின் அண்ணன் வீட்டுக்குப் போவது வழக்கம். கொழுந்தனும் அவர்களோடு புறப்பட்டுவிட்டார்.

“ஒரு வாரம் நீ அடுப்புப் பக்கமே வர வேண்டாம்” என்றார் வீட்டுக்காரர். “அங்க ஸ்டவ்வெல்லாம் கெடையாது. மூணு கல்லு வெச்சு விறகுல ஆக்கறதுதான். நானே ஆக்கறேன். நீ உக்காந்து சாப்புடு, போதும்.”

எனக்கு அந்த வார்த்தையே பாதி ஓய்வாக இருந்தது. ஒரு வாரம், ஏழு நாள், இருபத்தொரு வேளை என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். சின்னப் பிள்ளை தீபாவளிக்கு நாள் எண்ணுகிற மாதிரி எண்ணினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாராவது ஒரு ஊருக்குப் புறப்பட்டால், எதிரில் வருகிறவர்களிடம் “நாங்க மலைக்குப் போறோமுங்க” என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டோம். அது கர்வம் போல இருக்கும். “நீங்களும் வாங்க” என்று கூடச் சேர்த்துச் சொல்வோம். கேட்கிறவர்களும், “வந்தாப் போச்சுங்க” என்பார்கள். அவர்கள் வரப்போவதில்லை என்பது கூப்பிட்டவர்களுக்கும் தெரியும், கூப்பிடப்பட்டவர்களுக்கும் தெரியும். எதிர்வீட்டுக்காரர், பால்காரர், ஆபீஸ் பியூன் என்று தெருவில் பார்த்த எல்லாரையும் என் வீட்டுக்காரர் அந்த வாரம் மலைக்குக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

ஆனால் ராசிபுரத்தில் இருக்கிற தன் அக்காவுக்கு அவர் அதைத் தபால் கார்டில் எழுதினார். வாயால் சொன்னால் காற்றோடு போகும். எழுதினால் நிற்கும். அதுவும் வெறுமனே எழுதவில்லை. ஏற்காட்டிலிருந்து எந்த ஜீப், எங்கே இறங்குவது, ரைட்டர் வீட்டில் கேட்டால் வழி காட்டுவார்கள் என்பதெல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதிப் போட்டிருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தோம். அடிவாரம் தாண்டினதுமே மகனுக்குத் தலைசுற்றல், வளைவுக்கு வளைவு வாந்தி. ஏற்காட்டில் இறங்கி, அரிசி, பருப்பு மூட்டையோடு ஜீப்பில் நெருக்கிப் பிடித்து மஞ்சக்குட்டை போய், அங்கிருந்து மேடேறினோம். மர வீடு ஒரே அறை. பின்பக்கம் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு, அதில் மூன்று கல். ஓடைத் தண்ணீர் கொஞ்சம் கீழே இருந்தது. எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. சாய்ப்புக்கு எதிரில் ஒரு பாறை இருந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, அங்கே கிடந்த விறகை அடுக்கி, சீமெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார். புகை வந்தது. நெருப்பு வரவில்லை. அரை மணி நேரம் ஊதினார். கண் இரண்டும் செவசெவவென்று ஆகிவிட்டது. எஸ்டேட் வாட்ச்மேனின் சம்சாரம் கீழே இருந்து புகையைப் பார்த்துவிட்டு ஏறி வந்தாள். மலைக்காரி, என் வயதுதான் இருக்கும்.

“அது சில்வர் ஓக்குங்க. ஈரமா வேற இருக்குது. எரியாதுங்க, பொகைதான் வரும். நான் காப்பிக் கட்டை கொண்டாறேன்” என்றாள். ஒரு கட்டுக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பாறையில் உட்கார்ந்திருந்த என்னையும் அடுப்பருகே குந்தியிருந்த அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவருங்களா ஆக்கறாரு?”

“ஆமாங்க.”

“அப்ப நீங்க எதுக்குங்க?” என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். நான் சிரித்துவிட்டேன்.

அன்றைக்குச் சோறு மேலே வேகாமலும் அடியில் தீய்ந்தும் இருந்தது. ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. புளி எங்கே, கடுகு எங்கே, தண்ணி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார். நான் பாறையிலிருந்தே பதில் சொன்னேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. தட்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார், வாங்கிச் சாப்பிட்டேன். மகள் முகத்தைச் சுளித்தாள். “அப்பா ஆக்கினது, பேசாமச் சாப்புடு கண்ணு” என்றேன். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவர் கொஞ்சம் தேறிவிட்டார். பாத்திரத்தின் அடியில் ஈரச் சாம்பலைப் பூசி அடுப்பில் ஏற்றச் சொல்லிக் கொடுத்தேன், அப்போதுதான் கரி சுலபமாகப் போகும். உப்புமா கிண்டினார். சௌசௌ போட்டுக் கூட்டு வைத்தார். நான் மரத்தடியில் பாயை விரித்துப் படுத்தேன். மதியம் தூங்கி எழுந்தால் சாயங்காலமாகியிருந்தது. பிள்ளைகள் ஓடையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்திருக்கிறது என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு டிரங்குப் பெட்டி தெரிந்தது. அப்புறம் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கூலியாள். பின்னால் என் வீட்டுக்காரரின் அக்கா, அவர் கணவர், அவர்களுடைய மூன்று பிள்ளைகள். வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவோம்.

“தம்பி அவ்வளவு தூரம் எழுதிக் கூப்புட்டிருக்கறான், வராம இருந்தா நல்லாருக்குமா?” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார் நங்கையா. “பாருங்க, முறுக்குச் சுட்டுக் கொண்டாந்திருக்கறேன்.”

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குழம்பைப் பார்த்தார்.

“வாக்கா, வாங்க மாமா” என்றார். 

நங்கையா நேராகச் சாய்ப்புக்கு வந்தார். “ஏன்டா, நீ ஏன்டா அடுப்புகிட்ட நிக்கற?” என்றார். தம்பியின் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். வாங்கினவர் தானே கிண்டுவார் என்று ஒரு நொடி நினைத்தேன். திரும்பி அதை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “அப்பாடா, என்ன குளுகுளுன்னு இருக்குது” என்று சொல்லிக்கொண்டு போய்ப் பாறையில் உட்கார்ந்தார். என் பாறையில்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை என்று இப்போது என் மகள் கேட்கிறாள். அது அந்தக் காலத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் இங்கே ஒன்று சொன்னால் அது பவானியில் மாமியார் காதுக்குப் பத்தாகப் போய்ச் சேரும். நங்கையா கெட்டவரும் இல்லை. அவர் வீட்டில் அவரும் ஐந்து பேருக்கு ஆக்கிக் கொட்டுகிறவர்தான். தம்பி வீட்டுக்கு வந்தால்தான் அவருக்கும் ஓய்வு. ஓய்வு ஒன்றுதான் இருந்தது. அதில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் ஒன்பது பேர். சின்னக் குண்டாவில் இரண்டு தடவை சோறு வடிக்க வேண்டும். நங்கையா வீட்டுக்காரருக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும், மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம். பிள்ளைகள் ஐந்து பேருக்கும் பஜ்ஜி வேண்டும். புதன்கிழமை கோடை மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் ஓட்டை சரியாக அடுப்புக்கு மேலே. ஒரு கையில் முறத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கிளறினேன். கட்டை நனைந்து புகைந்தது. ஊதி ஊதி நெஞ்சு எரிந்தது. அவர்கள் உள்ளே வட்டமாக உட்கார்ந்து, “என்ன இருந்தாலும் விறகடுப்புச் சாப்பாட்டு ருசி ஸ்டவ்வுல வருமுங்களா” என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த ருசி தெரியாது. புகை தின்ற நாக்கில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது.

தண்ணீர் மட்டும் அவர் எடுத்துவந்தார். குடம் குடமாக, கேட்காமலே. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வியாழக்கிழமை குடத்தை இறக்கிவிட்டு அடுப்பருகில் குந்தினார்.

“வாய் வார்த்தைக்குத்தான் எழுதினேன் புள்ள” என்றார்.

“வழியெல்லாம் எழுதினீங்களாமா?”

“சும்மா... எடம் மிச்சமிருந்துச்சு கார்டுல.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “ஏனுங்க, நீங்க வேண்ணா கொஞ்ச நேரம் கிண்டறீங்களா?” என்று கேட்டேன். அவர் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். மாமா வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். “மாமா இருக்கறாரே” என்றார். அப்புறம் எழுந்து இன்னொரு குடம் தண்ணீருக்குப் போனார். தண்ணீர் தேவைப்படவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடித்துப் படுத்துவிட்டார்கள். கடைசியில் நான் உட்கார்ந்தபோது குண்டாவில் அடிப்பிடித்த சோறு ஒரு கைப்பிடி. அதையும் நங்கையாவின் கடைசிப் பையன் வந்து, “அத்தை, காந்தல் எனக்கு” என்று கேட்டான். கொடுத்துவிட்டேன். அடுப்பு அணைந்து கிடந்தது. நாலு மணிக்குக் காப்பி கேட்பார்கள். காய்ந்த கட்டையும் கொஞ்சம் தணலும் வாங்கிவர வாட்ச்மேன் வீட்டுக்கு இறங்கினேன்.

அவள் அப்போதுதான் வேலைக்காட்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தாள். சாமைச் சோறும் கொள்ளுப் பருப்பும். என்னைப் பார்த்ததும், “சாப்புட்டீங்களா?” என்றாள்.

ஆச்சு என்று சொல்வதுதான் மரியாதை. பதினோரு வருஷமாக அப்படித்தான் சொல்லிப் பழக்கம். அன்றைக்கு வாயில் வரவில்லை. “இல்லீங்க” என்றேன்.

அவள் எழுந்தாள். ஒரு சாக்கை உதறிப் போட்டாள், தட்டில் சோறு போட்டு, நடுவில் குழி பறித்துக் கொள்ளுப் பருப்பை ஊற்றி நீட்டினாள். ஆவி பறந்தது. நான் ஆக்காத சோறு, சூடாக, என் கையில். மளமளவென்று தின்றேன். வெட்கமாகக்கூட இல்லை.

“இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?” என்றாள்.

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் கேள்வியை நான் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறவள். என்னிடம் ஒருவர் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

“காரமாயிருச்சுங்களா?” என்றாள் பயந்துபோய்.

“நொம்பக் காரமுங்க” என்று மூக்கை உறிஞ்சினேன். “இன்னுங் கொஞ்சம் போடுங்க.”

அவள் போட்டுவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பினாள். தின்றுகொண்டே கேட்டாள்: “உங்க ஒறம்பரைங்க எப்பப் போவாங்க?” உறவுக்காரர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“ஞாயித்துக்கெழமைங்க. எல்லாரும் சேந்துதான் எறங்கறோம்.”

“கீழ உங்க ஊட்டுல ஆரு இருக்கறா?”

“ஆரும் இல்லீங்க. பூட்டிக் கெடக்குது.”

அவள் கையில் கவளத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஊடு காலியாக் கெடக்குதுன்னா நான் போயிப் படுத்துக்குவனுங்க” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

நான் ஒரு கட்டுக் காப்பிக் கட்டையும் சட்டியில் தணலும் வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். கட்டையை நனையாத இடத்தில் அடுக்கினேன். தணலை அடுப்பில் கொட்டினேன். உள்ளே போய் ஒரு பையில் என் புடவை இரண்டை எடுத்து வைத்தேன். சேலத்து வீட்டுச் சாவி என்னிடம்தான் இருந்தது. வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

“எனக்கு மூணு நாள் ஓய்வு பாக்கி இருக்குது. நான் ஊட்டுக்குப் போய் எடுத்துக்கறேன்” என்றேன். மெல்லத்தான் சொன்னேன். நங்கையா முழித்துக்கொண்டார்.

“எங்க போற? உடம்புக்கு ஏதாச்சுமா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க நங்கையா. நான் சேலம் போறேன். நீங்கல்லாம் ஞாயித்துக்கெழம மெதுவா வாங்க.”

அவர் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார். “அப்ப ராத்திரிக்கு?” என்றார்.

“அரிசி மூட்டையில இருக்குதுங்க. பருப்பு டப்பாவுல. அடுப்புல தணல் இருக்குது, கட்டை காஞ்சது.”

மகன் என் காலைக் கட்டிக்கொண்டான். அதுதான் கஷ்டம். அவனைப் பிரித்து அப்பாவிடம் கொடுத்தேன். மகள் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை.  இன்னொரு நிமிஷம் நின்றிருந்தால் பையை இறக்கி வைத்திருப்பேன். நிற்கவில்லை.

வீட்டுக்காரர் மகனை அக்காவிடம் விட்டுவிட்டு, என் பையை வாங்கிக்கொண்டு மஞ்சக்குட்டை வரை நடந்து வந்தார். வழியெல்லாம் தரையைப் பார்த்தே நடந்தார். கோபமோ என்று பார்த்தேன். கோபம் இல்லை, வெட்கம். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு பையை என் மடியில் வைத்து, “பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்துக்க” என்றார்.

பொழுது சாயும்போது வீட்டைத் திறந்தேன். அந்த வீட்டில் நான் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. முதலில் பயமாக இருந்தது, பிறகு பசித்தது. முனைக்கடையில் பன்னும் வாழைப்பழமும் வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தேன். காலை ஐந்து மணிக்கு உடம்பு தானாக எழுந்து சமையலறைக்குப் போய்விட்டது. கையும் தீப்பெட்டியை எடுத்துவிட்டது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். தீப்பெட்டியை வைத்துவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டேன். சனிக்கிழமை முழுக்கத் தூங்கினேன். எழுந்து தண்ணீர் குடித்தேன், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன், மறுபடி தூங்கினேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் என்ன தின்றார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் உடம்பு தன்பாட்டுக்குத் தூங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். நங்கையா குடும்பம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே ராசிபுரம் போய்விட்டதாம். வீட்டுக்காரரின் விரல்களில் சுட்ட காயம், வேட்டியெல்லாம் கரி. “அக்கா ஒரு வேளை, நான் ஒரு வேளைன்னு ஆக்கினோம்” என்றார். மாமா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகன் என் மேல் ஏறிக்கொண்டான்.

மகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். பசி போல என்று நினைத்தேன். உள்ளே பாத்திரங்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

“அம்மா, ஸ்டவ் சில்லுன்னு இருக்குது” என்றாள். “ஒரு பாத்திரத்துலயும் ஒண்ணுமில்ல.”

“ஆமா சாமி. நான் ஆக்கல.”

“நேத்து?”

“நேத்தும் ஆக்கல.”

அவள் என் பக்கத்தில் வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் பார்ப்பேனே, அப்படியே.

“உடம்பு நல்லாத்தான் இருக்குது கண்ணு” என்றேன். “சும்மா படுத்திருந்தேன்.”

அவள் நம்பவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்து, “அப்பா, அம்மாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாமுங்க” என்று சொன்னாள். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். அதற்கப்புறம்தான் அவள் அழுகை நின்றது.